எழுத்து கார்டு விளையாட்டு: சின்னப் பிள்ளைங்க வீட்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

எழுத்து கார்டு வெச்சு குழந்தைங்களோட விளையாடறத பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள இங்க ஒண்ணா போட்டிருக்கேன். பெரும்பாலும் மூணுல இருந்து ஏழு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள மனசுல வெச்சு எழுதினது. வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேரா போயிடலாம்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

வயச விட ஒரு சின்ன விஷயத்த பாருங்க. ஒரே மாதிரி இருக்கற ரெண்டு படத்த குழந்தை ஜோடி சேர்க்குதா? ரெண்டு பூனை படத்த தனியா எடுத்து வெக்கத் தெரிஞ்சா எழுத்தையும் ஜோடி சேர்க்க முடியும், ஏன்னா அந்த கட்டத்துல எழுத்துங்கறதும் அதுக்கு ஒரு படம்தான். இது நிறைய பிள்ளைங்களுக்கு மூணு வயசு சுமாருக்கு வந்துடும், சிலருக்கு முன்ன பின்ன ஆகும். மூணு வயசுக்கு கீழ இருந்தா வாயில வெச்சு கடிக்கும், அதனால சின்னச் சின்ன துண்டா வெட்டாதீங்க, உள்ளங்கை அளவுக்கு பெருசாவே இருக்கட்டும்.

தமிழ்ல 247 எழுத்து இருக்கே, அத்தனைக்கும் கார்டு செய்யணுமா?

வேண்டவே வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, கூட்டினா 247னு வரும், சரிதான். ஆனா அந்த 216ம் 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து வர்றதுதான், குழந்தை அத ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணப் போறதில்ல. ஆரம்பத்துல ஆறு எழுத்து போதும். ஆறும் நல்லா பழகினதும் ரெண்டு சேருங்க, மறுபடி ரெண்டு. மேசைல இருக்கற கார்டுல முக்கால்வாசி தெரிஞ்சதா இருக்கணும், புதுசு ரெண்டு மூணுக்கு மேல வேண்டாம். எல்லாமே புதுசா இருந்தா குழந்தை ஊகிக்கத்தான் பாக்கும், விளையாடாது.

அ ஆ இ ஈன்னு வரிசையாத்தான் ஆரம்பிக்கணுமா?

வரிசை பாட்டா பாடறதுக்கு நல்லது, தாராளமா பாடுங்க. ஆனா கார்டு விளையாட்டுக்கு அந்த வரிசை அவ்வளவு தோதா இருக்காது. அ, ஆ, இ, ஈ எல்லாம் வளைவு நெளிவு அதிகமா உள்ள எழுத்து, அதோட பக்கத்துப் பக்கத்து எழுத்து பாக்க ஒண்ணு போலவே இருக்கும். எ, ஏ ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன கோடுதான் வித்தியாசம், ஒ, ஓவுக்கு அடியில ஒரு சுழி. இதையெல்லாம் முதல் நாளே ஜோடி சேர்க்கச் சொன்னா பெரியவங்களுக்கே கண்ணு வலிக்கும்.

நான் எப்பவும் சொல்றது ப, ட, ம, க, ர, ல இந்த ஆறுதான். வடிவம் ஒண்ணுக்கொண்ணு நல்லா வித்தியாசப்படும், ட எல்லாம் ரெண்டே கோடு. இன்னொரு பெரிய வசதி இருக்கு. இந்த ஆறு எழுத்தோட ஒரு புள்ளிய சேர்த்தா எத்தன வார்த்தை வருது பாருங்க: பல், கல், படம், மரம், கடல், பகல், மடல், பட்டம், கட்டம், பக்கம், கப்பல். கால், கொம்பு, சுழி எதுவுமே தேவைப்படல. ஆறு எழுத்து தெரிஞ்ச குழந்தை "கப்பல்"னு தானா படிச்சிடும், அந்த சந்தோஷத்த நீங்க முகத்துல பாக்கணும். எழுத்து சும்மா தெரிஞ்சு வெச்சுக்கறதுக்கு இல்ல, அத வெச்சு ஏதோ ஒண்ணு செய்ய முடியும்னு அதுக்கு அன்னைக்கு புரியும்.

இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு குழந்தையோட சொந்தப் பேரு. பேரோட முதல் எழுத்து எவ்வளவு சிக்கலா இருந்தாலும் அத முதல் செட்லயே சேர்த்துடுங்க. "என் எழுத்து"ன்னு ஒண்ணு இருந்தா மத்த எழுத்து மேலயும் ஆசை வரும்.

கார்டு வீட்லயே செய்யலாமா? எப்படி செய்யறது?

வீட்ல செஞ்சதுதான் நல்லது, ஏன்னா உங்க குழந்தைக்கு எந்த எழுத்து வேணுமோ அத மட்டும் செஞ்சுக்கலாம். சில விஷயம் மட்டும் கவனிங்க.

அட்டை தடியா இருக்கணும், பின்னாடி இருந்து பாத்தா எழுத்து தெரியக்கூடாது. மார்க்கர் மை ஊறி பின்பக்கம் தெரிஞ்சா ஞாபக விளையாட்டு அன்னைக்கே முடிஞ்சிடும். ஒரு எழுத்துக்கு ரெண்டு கார்டு, ரெண்டும் ஒரே கையெழுத்துல. முனைய வட்டமா வெட்டுங்க, லேமினேட் பண்ணா இது ரொம்ப முக்கியம், அந்த பிளாஸ்டிக் ஓரம் கைய கிழிச்சிடும். எழுத்துக்கு அடியில ஒரு கோடு போடுங்க, அப்பதான் எது மேல எது கீழன்னு தெரியும். இங்கிலீஷ் கார்டுக்கு இது கட்டாயம், சின்ன n-ஐ தலைகீழா வெச்சா u ஆயிடும், சின்ன d-ஐ திருப்பினா p ஆயிடும்.

கலர் விஷயத்துல ஜாக்கிரதை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு கலர் கொடுத்தா பாக்க அழகா இருக்கும், ஆனா குழந்தை கலரத்தான் ஜோடி சேர்க்கும், எழுத்த பாக்கவே பாக்காது. உயிர் எல்லாம் ஒரு கலர், மெய் எல்லாம் ஒரு கலர், அதோட நிறுத்திக்கலாம். இதே மாதிரிதான் மடிஞ்ச முனை, கறை எல்லாம். "ம" தெரியும்னு நாம நினைச்சிட்டு இருப்போம், குழந்தை அடையாளம் வெச்சிருக்கறது அந்த கார்டுல இருக்கற எண்ணெய் கறைய. அப்பப்ப ஒரு புது காகிதத்துல எழுதிக் காட்டிப் பாருங்க.

முதல்ல எந்த விளையாட்டு?

எழுத்து கத்துக்கறதுல மூணு படி இருக்கு. முதல் படி, ஒரே மாதிரி இருக்கற ரெண்ட சேர்க்கறது. ரெண்டாவது, "ம எது?"ன்னு கேட்டா எடுத்துக் கொடுக்கறது. மூணாவது, கார்ட பாத்து அதுவே "ம"ன்னு சொல்றது. 1907ல ரோம்ல குழந்தைகளுக்கான பள்ளி ஆரம்பிச்ச மரியா மாண்டிசோரி அம்மையாரும் கிட்டத்தட்ட இப்படித்தான் பாடத்த மூணு கட்டமா பிரிச்சாங்க: முதல்ல "இது ம"ன்னு நாம சொல்றது, அப்புறம் "ம எது?"ன்னு கேக்கறது, கடைசியாத்தான் "இது என்ன?" நம்ம வீடுகள்ல நேரா அந்த கடைசி கேள்விக்கு போயிடறோம். விளையாட்டையும் இந்த வரிசைலயே எடுத்தா குழந்தை எங்கயும் மாட்டிக்காது.

முதல் படிக்கு: நாலு ஜோடி, எட்டு கார்டு, எல்லாம் முகம் மேல பாத்த மாதிரி பரப்பி வெச்சு ஜோடி தேடறது, அவ்வளவுதான். அது சுலபமானதும் கவுத்து வெச்சு ஞாபக விளையாட்டு. கார்டுங்கள நேர் வரிசையா அடுக்குங்க, ஒரு ஆள் ரெண்டு கார்ட திருப்பணும், ஜோடி சேர்ந்தா எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை, சேரலன்னா அதே இடத்துல கவுத்துடணும். இதுல ஒரே ஒரு விதி கூட சேருங்க: கார்ட திருப்பறவங்க சத்தத்த சொல்லணும். உங்க முறைல நீங்க "ட... ல... அடடா சேரல"ன்னு வாய்விட்டு சொல்லுங்க. குழந்தை தன் முறைல சொல்லலன்னா விட்டுடுங்க, நீங்களே சாதாரணமா சொல்லிட்டு போங்க, பத்து தடவ கேட்டதும் அதுவே சொல்லும். இந்த விளையாட்டுல குழந்தைங்க பெரியவங்கள நிஜமாவே ஜெயிப்பாங்க, நாம விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே வராது, அதனாலயே இது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

ரெண்டாவது படிக்கு: பிங்கோ நல்லா இருக்கும். ஒன்பது கட்டம் போட்ட அட்டைல எழுத்து எழுதி, நீங்க சத்தம் சொல்லச் சொல்ல அவங்க மூடிட்டு வரணும். ஓடியாடற பிள்ளைன்னா கார்ட எல்லாம் அறையோட அந்தப் பக்கம் தரைல பரப்பிடுங்க, "க கொண்டா!"ன்னு சொன்னா ஓடிப்போய் எடுத்துட்டு வரட்டும். உக்காராத குழந்தைக்கு இதுதான் மருந்து.

மூணாவது படிக்கு: "இருக்கா இல்லையா". வெளில கோ ஃபிஷ்னு சொல்றாங்களே அதேதான். ஆளுக்கு அஞ்சு கார்டு, மிச்சம் நடுவுல. உங்க கைல இருக்கற எழுத்தோட ஜோடிய எதிராளிகிட்ட கேக்கணும், "ர இருக்கா?" இருந்தா கொடுக்கணும், இல்லன்னா நடுவுல இருந்து ஒண்ணு எடுத்துக்கணும். கவனிச்சீங்களா, இங்க யாரும் குழந்தைய "இது என்ன எழுத்து"ன்னு கேக்கல. ஜெயிக்கணும்னா அதுவே எழுத்த சொல்லியாகணும். எழுத்து கார்டு விளையாட்டு எதுவா இருந்தாலும் நான் பாக்கறது இது ஒண்ணுதான்: அந்த எழுத்து விளையாட்டுக்குள்ள ஒரு வேலை செய்யுதா, இல்ல நாம நடுவுல விளையாட்ட நிறுத்தி பரீட்சை வெக்கறோமா. சின்னக் கையில அஞ்சு கார்ட விசிறி மாதிரி பிடிக்க வராது, ஒரு அட்டைப்பெட்டிய நடுவுல வெச்சு அதுக்கு பின்னாடி கார்டுங்கள சாய்ச்சு வெக்கச் சொல்லுங்க.

ஸ்னாப், அதாவது மாத்தி மாத்தி ஒவ்வொரு கார்டா நடுவுல போட்டு, ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தா முதல்ல கத்தறவங்க கார்ட எடுத்துக்கற ஆட்டம், அஞ்சு வயசுக்கு மேல. "ஸ்னாப்"னு கத்தறதுக்கு பதிலா அந்த எழுத்த கத்தணும்னு மாத்திடுங்க, வேகமா சத்தம் சொல்ற பழக்கம் வந்துடும்.

"ஆனா, ஆவன்னா"ன்னு சொல்லிக் கொடுக்கலாமா, சத்தம் மட்டுமா?

விளையாடும்போது சத்தம் மட்டும். "ஆவன்னா"ன்னு பழகின குழந்தை "ஆடு"வ எழுத்துக்கூட்டும்போது "ஆவன்னா டு"ன்னு போய் நிக்கும். தமிழ்ல பெரும்பாலும் எழுத்தோட பேரே சத்தமாவும் இருக்கறதால நமக்கு இது சுலபம். இங்கிலீஷ்லதான் பேரு வேற சத்தம் வேற, "எம்"னு பேரு, "ம்"னு சத்தம், "டபிள்யூ"ங்கற பேர்ல அதோட சத்தமே கிடையாது. அதுக்கும் முதல்ல சத்தம், பேரு தானா வரும்.

படத்தோட எழுத்த ஜோடி சேர்க்கற கார்டு செஞ்சோம், ஆனா ண, ழ, ள, ற எல்லாத்துக்கும் படமே கிடைக்கல!

கிடைக்காது, ஏன்னா தமிழ்ல அந்த எழுத்துல வார்த்தை ஆரம்பிக்காது. ங, ண, ழ, ள, ற, ன இந்த ஆறுக்கும் முதல் எழுத்து விளையாட்டு ஒத்துவராது. ட, ர, ல மூணுக்கு டப்பா, ரயில், லாரின்னு பேச்சுல புழங்கற வார்த்தைய வெச்சு சமாளிச்சிடலாம். மத்ததுக்கு விளையாட்டையே மாத்திடுங்க: "முதல்ல என்ன சத்தம்"ங்கறதுக்கு பதிலா "உள்ள எங்க ஒளிஞ்சிருக்கு". ழவுக்கு பழம், ளவுக்கு வாளி, றவுக்கு இறகு, ணவுக்கு கண், னவுக்கு மான், ஙவுக்கு சங்கு. கார்ட காட்டி வார்த்தைய மெதுவா சொல்லி, அந்த சத்தம் வரும்போது கைதட்டணும். நாலு வயசுல முதல் சத்தத்த பிடிக்கறதுதான் சுலபம், நடுவுல இருக்கறது கஷ்டம், அதனால இத கடைசியா எடுத்துக்கோங்க.

படம் தேர்ந்தெடுக்கறதுல இன்னொண்ணு. "ப"வுக்கு பல்லி, பந்து, படகு போடுங்க, பஸ் போடாதீங்க. தமிழ்ல ஒரே எழுத்து இடத்துக்கு தகுந்த மாதிரி அழுத்தமாவும் மெலிசாவும் ஒலிக்கும், பல்லில வர்ற பவும் பாம்புல ரெண்டாவதா வர்ற புவும் வேற வேற மாதிரி காதுல விழும். பேசற குழந்தைக்கு அது பின்னாடி தானா பிடிபடும், ஆனா முதல் படத்துலயே குழப்ப வேண்டாம்.

அப்புறம் ஃ. அதுக்கு படம் தேடி அலையாதீங்க, எஃக வரைஞ்சு எந்தக் குழந்தைக்கு புரியும். அத வேற மாதிரி பயன்படுத்திக்கலாம். எல்லா எழுத்துக்கும் ரெண்டு கார்டு, ஃ மட்டும் ஒண்ணே ஒண்ணு. கார்ட பிரிச்சுக் கொடுத்து ஜோடிய கீழ போட்டுட்டு, மாத்தி மாத்தி ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் ஒரு கார்டு உருவணும், கடைசில ஃ யார் கைல மிஞ்சுதோ அவங்க தோத்தாங்க. மூணு புள்ளிய பாத்ததும் வர்ற சிரிப்புலயே ஆய்தம் மறக்காம நிக்கும்.

உயிர்மெய்ய கார்டுல எப்படி கொண்டு வர்றது?

இதுதான் தமிழ்ல நிஜமாவே விளையாட இடம் இருக்கற பகுதி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல துணைக்கால் மட்டும். ா ன்னு எழுதின ஒல்லியான கார்டு ஒண்ணு செய்யுங்க. "கல்"லுன்னு அடுக்கி வெச்சிட்டு நடுவுல அந்தக் கால செருகினா "கால்". பல், பால். படம், பாடம். மலை, மாலை. ஒரே ஒரு கார்டு வந்து உக்காந்ததும் வார்த்தையே மாறிப்போற அதிசயம் பிள்ளைங்களுக்கு அலுக்கவே அலுக்காது. ஒரு ஆள் வார்த்தை வெக்கணும், இன்னொரு ஆள் காலப் போட்டு மாத்தணும், வர்ற வார்த்தைக்கு அர்த்தம் இருந்தா ஒரு பாயிண்ட். அர்த்தம் இல்லாம வந்தா அதையும் சத்தமா படிங்க, "மாரம்"னு படிச்சு விழுந்து விழுந்து சிரிக்கட்டும், படிச்சது படிச்சதுதானே.

அடுத்தது குறில் நெடில். அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ, அஞ்சு ஜோடி. ஞாபக விளையாட்டுல அச்சு அசலா ஒரே எழுத்த சேர்க்கறதுக்கு பதிலா குறிலோட நெடில சேர்க்கணும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு கைய இழுத்து நீட்டணும். ஐயும் ஔவும் ஜோடி இல்லாம நிக்கும், வேணும்னா ரெண்டையும் எடுத்து வெச்சிடுங்க. கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா வார்த்தை கார்டுலயே இத செய்யலாம்: விடு வீடு, முடி மூடி, எடு ஏடு, கொடி கோடி.

இ, ஈ வரிசைக்கு குறி எழுத்தோட ஒட்டி மேல வளையும், தனி கார்டா பக்கத்துல வெச்சா சரியா வராது. கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி அதுல குறிய எழுதி எழுத்து மேல வெக்கச் சொல்லுங்க, புள்ளிக்கும் இதே வழி.

உ, ஊ வரிசைய மட்டும் குறியா பிரிக்காதீங்க. கு, சு, து மூணையும் பக்கத்துல வெச்சு பாருங்க, மூணும் மூணு விதமா முடியுது. கூ, சூ, தூவும் அப்படித்தான். அந்த ரெண்டு வரிசைக்கு முழு எழுத்தாவே கார்டு செய்யணும், அதுவும் அடிக்கடி வர்றத மட்டும், கு, சு, டு, து, பு, மு, ரு, லு, வு. மத்தது படிக்கப் படிக்க வரும்.

கொம்ப எழுத்துக்கு பின்னாடி வெக்கறா. எவ்வளவு சொன்னாலும் கேக்கல.

அவ சொல்றதுல நியாயம் இருக்கு! "கெ"ன்னு சொல்லும்போது க் முன்னாடி வருது, எ பின்னாடி வருது, ஆனா எழுதறப்ப கொம்பு முன்னாடி நிக்குது. காதுல கேட்ட வரிசைய அப்படியே வெக்கறா. திட்டாதீங்க. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐயோட கொம்பு மூணு கார்டையும் இடது ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு செய்யுங்க, "கொம்பு எப்பவும் முன்னாடி போற ஆளு"ன்னு ஒரு விதியா விளையாட்டுலயே வெச்சிடுங்க. ஒ, ஓவுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால், நடுவுல எழுத்து. மூணு பேரா நின்னு விளையாடுங்க, குழந்தை நடுவுல "க" கார்ட பிடிச்சிட்டு நிக்கட்டும், ரெண்டு பக்கமும் ஆள் வந்து நின்னதும் "கோ"ன்னு கத்தணும்.

ன, ண, ந மூணும் குழப்புது. ல, ள, ழவும்.

ரெண்டு தனித்தனி பிரச்சனை. ல, ள, ழ காதுலயே வித்தியாசமா விழணும், அதுக்கு கார்டு மட்டும் போதாது, வீட்ல பேசறவங்க வாயில அந்த வித்தியாசம் இருக்கணும். வலி வழி, புலி புளி, இப்படி ஜோடி ஜோடியா சொல்லி எந்தப் படம்னு காட்டச் சொல்லுங்க.

ன, ண, நவுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, ஆறு ஏழு வயசு பிள்ளைங்களுக்கு. தமிழ்ல மெல்லினம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வல்லினம் கூட்டாளி: ங் க, ஞ் ச, ண் ட, ந் த, ம் ப, ன் ற. சங்கு, மஞ்சள், வண்டி, பந்து, பாம்பு, கன்று. பன்னெண்டு கார்டு, ஆறு ஜோடி, கவுத்து வெச்சு கூட்டாளிய சேர்க்கணும். இத விளையாடின குழந்தை "பன்து"ன்னு எழுதாது. இலக்கணத்துல இன எழுத்துன்னு பின்னாடி பாடமா வரும்போது அதுக்கு ஏற்கனவே தெரிஞ்ச கூட்டாளிங்களாத்தான் இருக்கும்.

பாக்கறதுக்கு குழப்பற எழுத்துங்கள, அதாவது பவும் யவும், ரவும் துணைக்காலும், ஒரே நாள்ல சேர்த்து அறிமுகப்படுத்தாதீங்க. ஒண்ணு நல்லா பதிஞ்சு ரெண்டு மூணு வாரம் போகட்டும், அப்புறம் இன்னொண்ணு. ஔவையும் கொஞ்சம் ஆறப்போடுங்க, அது ஒவும் ளவும் பக்கத்துல நிக்கற மாதிரியே தெரியும்.

தமிழும் இங்கிலீஷும் ஒரே நேரத்துல விளையாடலாமா?

விளையாடலாம், ஆனா ஒரே கட்டுல கலக்காதீங்க. ரெண்டுக்கும் வேற வேற டப்பா, முடிஞ்சா வேற வேற ஆளு. இங்கிலீஷ்ல பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. புத்தகத்துல கண்ணுக்கு படறதுல பெரும்பாலானது சின்ன எழுத்துதான், அதனால சின்ன எழுத்துல ஆரம்பிச்சு, பின்னாடி பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஜோடி சேர்க்கற விளையாட்டா மாத்திக்கலாம். சின்ன a-வுக்கும் g-க்கும் அச்சுல ரெண்டு விதமான வடிவம் உண்டு, கைல எழுதற மாதிரி இருக்கற வடிவத்தையே கார்டுல போடுங்க.

வெளில முழுக்க வேற மொழி, வீட்ல மட்டும்தான் தமிழ்னு இருக்கற பிள்ளைங்களுக்கு தமிழ் கார்டு ரொம்பவே உதவும். ஆனா அங்க எழுத்த விட வார்த்தை குறைவா இருக்கும். "இறகு"ன்னா என்னன்னு தெரியாத குழந்தைக்கு அதுல ற எங்கன்னு கேக்க முடியாது. படத்த பத்தி தமிழ்ல பேசுங்க, அப்புறம் எழுத்து.

சின்ன b-யையும் d-யையும் மாத்தி மாத்தி சொல்றான். டிஸ்லெக்சியாவா, அதாவது படிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடா?

ஒரு கப்ப இந்தப் பக்கம் திருப்பினாலும் கப்தான், அந்தப் பக்கம் திருப்பினாலும் கப்தான், பொறந்ததுல இருந்து குழந்தை எல்லா பொருளையும் அப்படித்தான் பாத்து பழகியிருக்கு. திசை மாறினா ஆளே மாறிடற ஒண்ண அது எழுத்துலதான் முதல் தடவையா பாக்குது. அதனால ஏழு வயசு வரைக்கும் இப்படி மாத்திப் பாக்கறதும் கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி எழுதறதும் ரொம்ப சாதாரணம், அத மட்டும் வெச்சு பயப்படாதீங்க.

பள்ளில ஒழுங்கா சொல்லிக் கொடுத்தும் ஏழு வயசு தாண்டியும் எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கவே வரல, ஒரே மாதிரி முடியற வார்த்தைய கண்டுபிடிக்க முடியல, குடும்பத்துல வேற யாருக்காவது படிக்கறதுல கஷ்டம் இருந்திருக்கு, இதெல்லாம் சேர்ந்து இருந்தா டீச்சர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசுங்க. அதுக்கு முன்னாடி கண்ணும் காதும் டெஸ்ட் பண்ணிடுங்க. காது சரியா கேக்காம எழுத்து பிடிபடாத குழந்தைங்க உண்டு, அது வெளில தெரியறதே இல்ல.

கார்ட காட்டி கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது, ஆனா விளையாடும்போது சரியா எடுக்குது.

அப்ப தெரியும்னு அர்த்தம். விருந்தாளி முன்னாடி "இது என்ன சொல்லு, சொல்லு"ன்னு கேக்கறத தயவுசெஞ்சு நிறுத்திடுங்க. தெரிஞ்ச எழுத்துகூட அந்த நேரத்துல வாயில வராது, தப்பாயிடுமோங்கற பயம் மட்டும் ஒட்டிக்கும். வேணும்னா நீங்க தப்பா சொல்லுங்க, "ல"வ காட்டி "இது ட தானே?"ன்னு கேளுங்க. திருத்தறதுக்கு ஓடி வரும்.

தோத்தா அழறாங்க, கார்ட தூக்கி எறியறாங்க.

நாலு வயசுல தோல்விய தாங்கற அளவுக்கு மனசு வளந்திருக்காது. ஆரம்பத்துல எதிரெதிரா விளையாடாம ஒரே அணியா விளையாடுங்க: பத்து நிமிஷத்துக்குள்ள எல்லா ஜோடியையும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்க முடியுமா? அஞ்சு வயசுக்கு மேல மெதுவா போட்டிய கொண்டு வாங்க. கவுத்த கார்ட எட்டிப் பாத்து ஏமாத்துச்சுன்னா பெரிய குத்தமா பேசாதீங்க, "பாத்துட்ட, சரி, என்ன எழுத்து சொல்லு"ன்னு கேட்டுட்டு தொடருங்க.

மூணு வயசு தங்கச்சியும் ஆறு வயசு அண்ணனும் சேர்ந்து விளையாட முடியுமா?

முடியும், ஒரே கார்டு, வேற வேற விதி. தங்கச்சி ஜோடி சேர்த்தா போதும். அண்ணன் ஜோடி சேர்த்ததோட அந்த எழுத்துல ஒரு வார்த்தை சொன்னாத்தான் கார்டு அவனுக்கு. விதிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் சொல்லிடுங்க, நடுவுல மாத்தினா சண்டைதான். இன்னொரு நல்ல ஏற்பாடு, பிங்கோல எழுத்து கூப்பிடற வேலைய பெரியவனுக்கு கொடுத்துடறது.

மொபைல் ஆப்லயே இதெல்லாம் இருக்கே?

இருக்கு, பயணத்துல கைகொடுக்கும். ஆனா ஆப்புல தப்பா தொட்டா ஒரு சத்தம் வரும், திரும்ப தொட்டா சரியாயிடும், யோசிக்காமலே எல்லாத்தையும் தொட்டு முடிச்சிடலாம். கார்டு விளையாட்டுல எதிர்ல ஒரு ஆளு உக்காந்து வாயப் பாத்து பேசறாங்க, குழந்தை திரும்பப் பேசணும். எழுத்த விட அந்தப் பேச்சுதான் அதுக்கு அதிகம் சேருது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து நிமிஷம். குழந்தை "இன்னொரு ஆட்டம்"னு கேக்கும்போதே நிறுத்திடுங்க, நாளைக்கு அதுவே டப்பாவ தூக்கிட்டு வரும். ஒரு மணி நேரம் ஞாயித்துக்கிழமை உக்காந்து விளையாடறத விட தினம் கொஞ்சம் கொஞ்சம் நல்லா பதியும். உடம்பு சரியில்ல, தூக்கம் வருதுன்னா அன்னைக்கு லீவு.

தாத்தா எழுதின கார்டுல "னை" வேற மாதிரி இருக்கு.

அவர் பழைய முறைல எழுதியிருப்பாரு. 1978ல தமிழ்நாட்டுல எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்ப பெரியார் பயன்படுத்தி வந்த வடிவங்கள அரசு ஏத்துக்கிட்டது, ணா, றா, னா, ணை, லை, ளை, னை மாதிரி சில எழுத்துங்க மாறிடுச்சு. பழைய னை, லை எல்லாம் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு வரும். படிக்கப் பழகற கட்டுல புது வடிவத்த மட்டும் வைங்க. தாத்தா எழுதினத தூக்கிப் போடாதீங்க, குழந்தை ஓரளவு படிக்க ஆரம்பிச்சதும் பழைய வடிவத்தையும் புது வடிவத்தையும் ஜோடி சேர்க்கற ஆட்டமா அத தாத்தாவே நடத்தட்டும்.

கார்டு விளையாட்டு மட்டும் போதுமா, படிக்க வந்துடுமா?

போதாது. கதை படிச்சுக் காட்டணும், தினமும். கார்டு எழுத்த பழக்கும், கதைதான் அந்த எழுத்து எதுக்குன்னு காட்டும். படிக்கும்போது விரல ஓட்டிட்டே வாங்க, அன்னைக்கு விளையாடின எழுத்து வந்தா குழந்தையே "ஏய் இது நம்ம ட!"ன்னு கத்தும்.

ஒரு கார்டு தொலைஞ்சு போச்சு, செட்டே வீணா?

வெத்துக் கார்டு நாலஞ்ச முதல்லயே கூட வெட்டி டப்பால போட்டு வெச்சிடுங்க. தொலைஞ்ச எழுத்த குழந்தையையே எழுதச் சொல்லுங்க, கோணலா இருந்தாலும் பரவால்ல. பின்னாடி மட்டும் அடையாளம் எதுவும் தெரியாம பாத்துக்கோங்க.